அப்பாவின் யூதர் வேஷம்

அம்மா என் நண்பனைப் பாஸ்குவுக்குக் கூப்பிட்டது ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மேசையில். மீன்குழம்புச் சட்டிக்கு மேலால் கையை நீட்டி அவனுடைய முழங்கையைத் தொட்டு, முதியோர் இல்லத்து வேலையில் பழகிய தன் டெனிஷில், "நீரும் வாரும் தம்பி, அது உங்கட ஆக்களின்ர கதைதானே" என்றாள். அவன் சிரித்துக்கொண்டு தலையாட்டினான். அந்த வருடப் பாஸ்கு நாடகத்தில் சாட்டையோடு வரப்போகிற யூதன் நான். அது அவனுக்குத் தெரியாது. அவன் யூதன் என்பது எங்கள் வீட்டுக்கும் சற்று முன்னர்தான் தெரியவந்திருந்தது.

தெரியவந்தது அப்பாவால். டென்மார்க்கில், ஓல்போர்க்கில் ஒரே பொறியியல் அலுவலகத்தில் அவனும் நானும் அடுத்தடுத்த மேசை. ஜேர்மனியிலிருந்து தனியாக வந்தவன். இந்த நகரத்தில் அவனுக்கென்று போக இருந்த ஒரே வீடு எங்களுடையது. தவக்காலத்து வெள்ளிகளில் எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை. பன்றி ஏன் வேண்டாம் என்று விளக்கம் சொல்லத் தேவையில்லாத மேசை இந்த நாட்டில் இது ஒன்றுதான் என்று என்னிடம் சொல்லியிருந்தான்.

எங்கள் ஆட்கள் ஒருவரின் ஊரைச் சும்மா கேட்டுவிட்டு விடமாட்டார்கள். அப்பா அடிவரைக்கும் போவார். நண்பன் பேசியது டெனிஷ். ஆனால் எனக்கு அது எங்கள் தமிழில்தான் நினைவிருக்கிறது.

"தம்பி ஜேர்மனியில எவடம்?"

"லைப்சிக்."

"பிறந்ததும் அங்கையோ?"

"இல்லை, உக்ரேனில. கைப்பிள்ளையா ஜேர்மனிக்கு வந்தனான்."

"அப்ப உக்ரேன்காரன்."

"அப்பிடியும் சொல்லேலாது."

"அப்ப ரஷ்யன்."

"இல்லை."

"ஜேர்மனும் இல்லை, உக்ரேனும் இல்லை, ரஷ்யனும் இல்லை. அப்ப ஆர்தான் நீர்?" அப்பா பகிடியாகத்தான் கேட்டார்.

நண்பன் வாயிலிருந்த முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு சொன்னான்.

அப்பா குசினிப் பக்கம் திரும்பினார். "இஞ்சேரும். இவர் யூதராம்."

"எந்த யூதர்?"

"எந்த யூதர் எண்டு கேக்கிறீர். உண்மையான யூதர்."

அம்மா அகப்பையோடு வந்து வாசலில் நின்று அவனைப் பார்த்தாள். "அப்ப யேசு சாமியின்ர ஆக்கள்," என்று சொல்லிவிட்டு அவன் கேட்காமலே இன்னொரு துண்டு மீனை அவன் தட்டில் போட்டாள். அதற்குப் பிறகுதான் அந்த அழைப்பு.

யேசுவின் பாடுகளைத் தவக்காலத்தில் நடித்துக் காட்டுவதுதான் பாஸ்கு. மன்னார்க் கரையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அதை இங்கேயும் விடவில்லை. ஓல்போர்க், விபோர்க், ரண்டர்ஸ் ஆட்கள் சேர்ந்து ரண்டர்ஸில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தை வாடகைக்கு எடுப்போம். யேசுவை இழுத்துவந்து அடிக்கிறவர்களுக்கு அதில் 'யூதர்' என்று பெயர். கூர்த்தொப்பி, கரியால் கீறிய மீசை, கடதாசிக் கூழில் செய்து நூலால் கட்டிய நீண்ட வளைந்த மூக்கு. அவர்கள் வரும்போது சனம் கூவும், ஏசும். ஊரில் காறித் துப்புவார்களாம்.

அப்பா வருடந்தோறும் அந்த வேஷம் கட்டினார். அது ஆசைக்குக் கட்டியதல்ல, நேர்த்தி. சண்டைக்குத் தப்பி, என்னைக் கைக்குழந்தையாக வைத்துக்கொண்டு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போன பயணத்தில் எனக்குக் காய்ச்சல் ஏறி, நான் அழுகையையும் நிறுத்திவிட்டேனாம். பிள்ளையைத் தந்தால் ஊரே ஏசுகிற வேஷத்தை ஆயுளுக்கும் கட்டுவேன் என்று அப்பா கடலில் வைத்துச் சொன்னார். அவருக்குக் கொடுக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. யேசுவாக நடிக்க எல்லாரும் போட்டி போடுவார்கள், ஏச்சு வாங்க ஆள் வராது, அதுதான் தன் காணிக்கை என்று அவர் விளக்குவார். இந்த வருடம் அவருடைய முழங்கால் மடங்கவில்லை. வேஷம் எனக்கு வந்தது.

நண்பனைப் பற்றி நான் அறிந்தவை ஒரே நாளில் கேட்டவையல்ல. பஸ்ஸில், கன்டீனில், துண்டு துண்டாகச் சொன்னான். அவனுடைய பெற்றோர் உக்ரேனிலிருந்து கொண்டுவந்த பழைய கடவுச்சீட்டில் இனம் என்ற இடத்தில் யூதர் என்று இருந்தது. அந்தச் சொல்லுக்காகத்தான், பழைய பாவத்துக்குப் பரிகாரம்போல, ஜேர்மனி அவர்களை உள்ளே எடுத்தது. எடுத்த பிறகு அயலட்டை அவர்களை ரஷ்யர் என்றது. பள்ளிக்கூடத்தில், கொல்லப்பட்ட யூதர்களின் நினைவு நாள் வந்தால் ஆசிரியை அவனை முன்னுக்கு அழைத்து எதையாவது வாசிக்கச் சொல்வார். வாசித்து முடித்து அவன் தன் கதிரைக்குத் திரும்பிப் போகும்வரை வகுப்பே தலையைக் குனிந்திருக்கும். அதற்குப் பிறகு இடைவேளையில் அவனோடு பந்தடிக்க எல்லாருக்கும் கூச்சமாக இருக்கும். அவர்களுடைய செபக்கூடத்து வாசலில் எப்போதும் பொலிஸ் நின்றது. எல்லாக் கோயில் வாசலிலும் பொலிஸ் நிற்கும் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தானாம்.

"என்னை ஜேர்மன்காரன் எண்டு முதன்முதலா ஒராள் கூப்பிட்டது டென்மார்க்கிலதான்," என்று ஒருநாள் சொன்னான். அலுவலகத்தில் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கால்பந்தில் ஜேர்மனி தோற்றால் அவன் மேசையில் யாராவது ஒரு சின்னக் கொடியைக் குத்திவைப்பார்கள். அவன் அதை எடுத்து எறிய மாட்டான். மற்ற விஷயத்தை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. செய்திகளில் யூதர்களின் நாட்டுப் போர் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் அடுத்த மத்தியானமே தன்னிடம் ஒரு கருத்துக் கேட்பார்கள் என்றான். எங்கள் வீட்டு மேசையில் மட்டும் சொன்னான், அதுவும் அப்பா விடாமல் கேட்டதால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. நாடகம் பழக்குகிறவரை அண்ணாவியார் என்போம். எழுபதைத் தாண்டியவர், பாட்டு முழுவதும் மனப்பாடம். அப்பா அவருக்கு முதலே தொலைபேசியில் சொல்லிவிட்டிருந்தார்.

"தம்பி, உம்மட சினேகிதன் உண்மையான யூதனாமே," என்று மண்டபத்து வாசலிலேயே என் கையைப் பிடித்தார். "ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும். தொப்பி சரியோ எண்டு கேப்பம். நாங்கள் ஒரு குத்துமதிப்பிலதானே செய்யிறம்."

அவர் முகத்தில் கேலி இல்லை. அதுதான் என்னைப் பதறவைத்தது.

வேஷப் பெட்டிக்குள் மூக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. அந்த மூக்கை நான் வேறு இடத்திலும் பார்த்திருந்தேன். டெனிஷ் பள்ளிக்கூடத்தில், சரித்திரப் பாடத்தில், ஆசிரியர் சுவரில் விழுத்திக் காட்டிய ஒரு பழைய ஜேர்மன் சுவரொட்டியில். அதே வளைவு. எங்கள் வீட்டில் சரித்திரம் என்று ஒரு பாடத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா அதுவும் இல்லை. அவர்களுக்கு மூக்கு என்றால் பெட்டிக்குள் இருக்கிற மூக்கு. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது எனக்கு மட்டும் பாடத்தில் வந்தது.

"மாமா, இந்த மூக்கு வேண்டாம். யூதர் எண்டு கூப்பிடுறதையும் விடுவம். சேவகர் எண்டு சொல்லுவம்," என்றேன் அண்ணாவியாரிடம்.

"ஏன்?"

நான் சொன்னேன். சுவரொட்டி, ஜேர்மனி, யூதர்களைச் சாவுக்கு ஏற்றிப்போன ரயில், எல்லாவற்றையும். பேசப் பேச ஒரு வகுப்பு எடுப்பதுபோல என் குரல் மாறுவது எனக்கே கேட்டது. யேசுவாக நடிக்கிற விபோர்க் பஸ் சாரதி சிலுவையைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அவங்கள் செய்ததுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்றார் அண்ணாவியார். "எங்கட நாடகம் அதுக்கு முந்தினது. நாங்கள் ஆரையும் ரயிலில ஏத்தேல்லை. எங்களையும்தான் ஊரில அடிச்சுக் கலைச்சாங்கள்." பிறகு சுற்றி நின்றவர்களிடம், "தம்பி படிச்சுப்போட்டார். இனி சாமிக்கும் படிப்பிப்பார்," என்றார். சிலர் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. கதிரையில் காலை நீட்டியபடி என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்ப நான் இவ்வளவு காலமும் செய்தது பாவமோ?"

ஓம் என்றால் என் உயிருக்கு அவர் கொடுத்த காணிக்கையை எடுத்து எறிகிறேன். இல்லை என்றால் மேசையில் இருந்து மீன் சாப்பிட்டவனை எறிகிறேன். அண்ணாவியார்தான் முடித்துவைத்தார். "சரி, உம்மட மூக்கைக் கழட்டும், தொப்பியையும் கழட்டும். மற்றப் பெடியள் போடுவாங்கள். யூதர் எண்ட பெயர் அப்பிடியேதான்."

அடுத்த நாள் வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றபோது நண்பனிடம் சொன்னேன். நாடகம் எப்படிப்பட்டது, யூதர் எப்படி வருவார்கள், நான் எதுவாக வருகிறேன், அப்பாவின் நேர்த்தி. அவன் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டான்.

"மூக்கு இருக்கோ?"

அவன் அதைக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "இருக்கு. எனக்கு இல்லை. கழட்டிட்டன்."

"எனக்காகவோ?"

"ஓம்."

"நான் வாறன் எண்டபடியால."

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"லைப்சிக்கிலயும் இதுதான்," என்றான். அவன் குரல் உயரவேயில்லை. "நான் ஒரு அறைக்குள்ள போனா ஆராவது எதையாவது எடுத்து ஒளிப்பினம். ஒரு பகிடியை, ஒரு சொல்லை. நான் வெளியில போனாப்பிறகு திரும்ப வைப்பினம். எனக்கு விளங்கும். நான் இல்லாத நேரம் அது அங்க இருக்குதோ எண்டதுதான் எனக்குத் தெரிய வேணும். அதை ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

"இருக்கும்," என்றேன். "மற்ற ஆக்கள் போடுவினம்."

"நீ சொன்னது நல்லது." பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. "அம்மாவுக்குச் சொல்லு, நான் வரேல்லை எண்டு."

"பாஸ்குவுக்கோ?"

"வெள்ளிக்கிழமைக்கும்."

அந்த வெள்ளி அம்மா வழக்கம்போல நான்கு பேருக்குச் சமைத்திருந்தாள். நான் அவளிடம் அதுவரை சொல்லவில்லை. மேசையில் வைத்துத்தான் சொன்னேன். அம்மா உடனே, "மீன் சரியில்லையோ?" என்றாள். மீன் இல்லை என்றேன். அப்பாவுக்கு விளங்கிவிட்டது.

"அந்த மூக்குக்கோ?"

"ஓம்."

"நான் அவரை ஒரு சொல்லுச் சொன்னனானோ? வீட்டுக்கு வந்த பிள்ளையை?"

"இல்லை அப்பா."

"அது கதையில வாற யூதர். இவர் எங்கட தம்பி. ரெண்டும் ஒண்டோ?"

"அவருக்கு ஒண்டுதான் அப்பா. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் அவையளை அடிச்சது."

அப்பா கையைக் கழுவ எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேசையோரம் நின்றார். "நேர்த்தியை நடுவில விடேலாது," என்றார். "நீ வேஷம் கட்டித்தான் ஆகவேணும்." நான் கட்டுகிறேன் என்றேன். அவர் குரலில் கட்டளை இல்லை, பயம் இருந்தது. கடலில் வைத்துத் தந்த பிள்ளையைக் கடவுள் திருப்பிக் கேட்பார் என்ற பயம்.

ரண்டர்ஸ் மண்டபத்தில் கூடைப்பந்து வளையத்தின் கீழ் நாவல்நிறத் துணி கட்டியிருந்தார்கள். பின்னால் ரோல்ஸும் தேத்தண்ணியும். சின்னப் பிள்ளைகள் முன்னால் உடற்பயிற்சி மெத்தைகளில் குந்தியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முதல் வரிசையில் அப்பா, காலை நீட்டியபடி. பக்கத்தில் அம்மா.

எனக்குச் சிவப்புத் துணியும் சாட்டையும் மட்டும். மற்ற மூன்று பேரும் முழு வேஷத்தில் நின்றார்கள். அவர்கள் நல்ல பெடியள். ஒருவன் தாதிப் படிப்புப் படிக்கிறான். மூக்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாவியார் ஒலிவாங்கியில், "யூதர் வருகினம்," என்று நீட்டிச் சொன்னார். அவன் மூக்கை இறக்கினான். நாங்கள் நுழைந்தோம்.

பெரியவர்கள் வழக்கம்போலக் கூவினார்கள். ஊர்க் கூவல், பழகிய கூவல். அதற்கு நான் ஆயத்தமாக இருந்தேன். மெத்தையில் இருந்த ஒரு சின்னப் பெண்பிள்ளை பயந்துபோய்த் தமையனிடம் யார் இவர்கள் என்று டெனிஷில் கேட்டாள். அவன் டெனிஷிலேயே சொன்னான். யூதர்கள், கெட்டவர்கள், யேசுவைக் கொன்றவர்கள். பக்கத்தில் இருந்தவனுக்கு அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. அவன் அதைக் கூவினான். அடுத்தவன் கூவினான். மெத்தை முழுவதும் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு, தாளத்தோடு, இந்த நாட்டின் மொழியில், யூதர்கள் யூதர்கள் என்று கத்தினார்கள்.

தமிழில் அது நாடகத்துப் பாத்திரத்தின் பெயராக இருந்தது. டெனிஷில் அது ஆட்களின் பெயர். தெருவில் போகிறவர்களின் பெயர். எங்கள் மேசையில் ஒருவன் முள்ளை ஓரத்தில் வைத்துவிட்டுச் சொன்ன அதே சொல். மண்டபத்துக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே வாகனத் தரிப்பிடத்தில் யாரோ ஒரு டெனிஷ்காரப் பெண் நின்று திரும்பிப் பார்த்தாள்.

நான் சாட்டையை ஓங்கியபடி அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்தத் தமையன்காரனிடம் ஏதோ சொன்னார். பையன் நிமிர்ந்து ஏதோ கேட்டான். அப்பா பதில் சொல்லாமல் நிமிர்ந்தார். யேசு கீழே விழவேண்டிய இடம் வந்தது. நான் நிலத்தில் அடித்தேன். பஸ் சாரதி விழுந்தார்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். அப்பா பக்கத்தில், அம்மா பின்னால். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் அப்பா வாய் திறந்தார்.

"அந்தப் பெடியனிட்டைச் சொன்னன், தம்பி, அது கெட்ட ஆள் இல்லை, என்ர மகன் எண்டு. அவன் கேக்கிறான், அப்ப உங்கட மகன் யூதனோ எண்டு." ஜன்னல் பக்கம் திரும்பினார். "இல்லை எண்டு சொல்லத்தான் வாயெடுத்தன். சொன்னா எங்கட வீட்டுக்கு வாற தம்பி கெட்ட ஆள் எண்டெல்லோ வரும். ஓம் எண்டும் சொல்லேலாது. பேசாம இருந்திட்டன்."

நான் முன்னால் போன ஒரு லொறியை முந்தினேன்.

"அடுத்த வருஷம் நீ கட்ட வேண்டாம்," என்றார்.

பின்னாலிருந்து அம்மா, "நேர்த்தி?" என்றாள். அந்த வள்ளத்தில் அவளும் இருந்தவள்.

"அதை நான் சாமியோட கதைக்கிறன். ஏச்சு வாங்கிறதுதானே நேர்த்தி. அண்ணாவியாரிட்டைப் போய் இதைச் சொன்னா வேண்டிய அளவு ஏச்சு விழும்." பிறகு என்னிடம், "உன்ர சினேகிதனுக்குப் போன் எடு," என்றார்.

"என்ன சொல்ல?"

"நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். எடுத்துத் தா."

வாகனத்தின் ஒலிபெருக்கியில் மணி நீண்ட நேரம் அடித்தது. எடுக்கமாட்டான் என்றே நினைத்தேன். எடுத்தான். அப்பா ஸ்டியரிங் பக்கம் சாய்ந்து, மீன் தொழிற்சாலையில் கற்ற டெனிஷில், சத்தமாகப் பேசினார். நான்தான், தகப்பன், இன்றைக்கு நாடகம் முடிந்தது என்றார்.

"மூக்குகள் இருந்ததோ?" என்று நண்பன் கேட்டான்.

"இருந்தது. மூண்டு பேர் போட்டவை. மகன் போடேல்லை."

"பெயர்?"

"அதுவும் இருந்தது. பிள்ளையள் உங்கட பெயரைச் சொல்லிக் கத்தினதுகள். டெனிஷில."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அதை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை.

அவன் மூச்சுவிடுவது வாகனம் முழுவதும் கேட்டது. "அடுத்த வருஷம்?" என்று கடைசியில் கேட்டான்.

"நான் கட்டமாட்டன். மகனும் கட்டமாட்டான். மற்றவை கட்டுவினம். நான் போய்க் கதைப்பன். கேப்பினமோ தெரியாது."

"சரி."

"கோவமோ தம்பி?"

"ஓம்," என்றான் அவன். "கோவம்தான்."

அப்பா தலையாட்டினார், அவன் அதைப் பார்க்கிறான் என்பதுபோல. "வெள்ளிக்கிழமை வாரும்."

"இந்த வெள்ளி இல்லை."

இணைப்பு முடிந்தது. அப்பா நிமிர்ந்து இருந்து முழங்காலைத் தடவினார். பின்னால் இருந்த அம்மாவுக்கு டெனிஷ் வேகமாகப் போனால் விளங்காது.

"என்னவாம்?"

"இந்த வெள்ளி இல்லையாம்."

"அடுத்த வெள்ளியோ?"

"அது சொல்லேல்லை," என்றார் அப்பா. "இந்த வெள்ளி இல்லை எண்டுதான் சொன்னவர்."